எங்கள் தலைக்கு மேலும் ஒரு பூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், இருமல் போய்விட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி ஒழுங்காக மாத்திரை வாங்கித் தருகிறாளா?

ஒரு நல்ல செய்தி. அடுத்தவர் மொட்டைமாடியில் தண்ணீர் இறங்காமல் பூச்சு அடிக்கிற எங்கள் தலைக்கு மேலேதான் இத்தனை நாளும் அறைக் கூரை ஒழுகியது. மிஞ்சிய பூச்சைக் குப்பையில் கொட்டினாலும் கொட்டுவானே தவிர, சூப்பர்வைசர் எங்களுக்குத் தர மாட்டான். கூலிக்காரனுக்குக் காய்ந்த படுக்கை எதற்கு என்ற நினைப்பு.

மழைக்காலத்துக்குள் பெரிய கட்டடத்தை முடிக்க அவன் பறந்துகொண்டிருந்தபோது, எல்லோரும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டோம்.

"முதல்ல எங்க ரூம் சார். அப்புறம்தான் அது."

துரத்திவிடுவேன் என்று கத்தினான். வேறு ஆள் பிடிக்க நேரமில்லை, பூச்சைக் கொடுத்தான். விரிசலை அடைத்துப் பூச்சு அடித்தோம். காய்ந்ததும், வழக்கம்போல ஒழுகுகிறதா என்று பார்க்க மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்தி, அவனையே கூப்பிட்டு என் கட்டிலில் உட்கார வைத்தோம்.

"நான் எதுக்குடா?"

"சொட்டுனா உங்க தலையில சொட்டட்டும் சார்" என்றான் எங்கள் ஒட்டகம். நெட்டையன், பயமே கிடையாது. அறை முழுக்கச் சிரிப்பு. ஒரு சொட்டு விழவில்லை!

நேற்று அடைமழை. சொட்டுக்கு வைத்திருந்த தலைமாட்டு வாளியில் இப்போது துணி ஊறுகிறது.

பூஞ்சை பிடித்த போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். உன் பழைய சேலையில் இன்னொன்று தைத்து அனுப்பு. சேலையைத் துவைக்காமலே தை.

வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன். அந்தப் போர்வை நனையாது, அம்மா.

உன் மகன்