துவரையைப் பிடுங்கிய அண்ணனுக்கு

பக்கத்து வீட்டு அக்கா இன்று காலை மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், எங்க கறிவேப்பிலைக்கு அடியில உங்க சந்தனம் ஒண்ணு முளைச்சிருக்கு. பிடுங்கிரட்டுமா?" என் மரத்துப் பழத்தைத் தின்ற குயில் விதையை அங்கே போட்டிருக்கும். "வேண்டாம்க்கா, இருக்கட்டும்" என்று நான் கத்திய கத்தலில் அவர் பயந்துவிட்டார்.

கோபம் அவர் மேல் இல்லை அண்ணே. உன் மேல்தான்.

தொண்ணூறுகளில், கல்லூரியில் தாவரவியல் நடத்தத் தொடங்கிய புதிதில், இரண்டு சந்தனக் கன்றுகள் வாங்கினேன். ஒன்றை இங்கே பாளையங்கோட்டையில் என் வீட்டில் வைத்தேன். மற்றதைப் பேட்டைக்குக் கொண்டுவந்து உன் லேத்துப் பட்டறை வாசலில் நட்டு, பக்கத்தில் துவரையும் ஊன்றினேன். துவரை முளைத்திருக்கும் என்று பார்க்க வந்தால் காணோம். லேத்து மேசையைத் துடைப்பதுபோல் கன்றைச் சுற்றித் துடைத்து வைத்திருந்தாய்.

"களைய விட்டா செடி எப்படிட்டி வளரும்? சாப்பாட்டப் பூராம் அதுல்லா திங்குது."

"அது களை இல்லண்ணே. சந்தன வேரு பக்கத்து வேரைப் பிடிச்சுத்தான் சத்து எடுக்கும். தனியா நின்னா செத்துரும்."

"அடுத்தவன உறிஞ்சித்தான் வளரணும்னா அது என்ன மரம்?"

மறுபடி ஊன்றினேன், மறுபடி பிடுங்கினாய். துவரை கொஞ்சம் கொடுத்துவிட்டு அதுபாட்டுக்குக் காய்க்கும் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினாய். சித்திரை வெயிலில் கன்று வெளிறிக் கருகியது. "நோஞ்சானாப் பாத்து வாங்கிட்டு வந்திருக்க" என்று பழியையும் என் மேல் போட்டாய்.

மறு வருடம் நெஞ்சு வலித்தபோதும் நீ யாரிடமும் சொல்லவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு, டவுண் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாய். அதற்கு முந்தின நிறுத்தம் என் வீடு. இறங்கிக் கதவைத் தட்டியிருந்தால் நான் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் விழுந்தாய்; பிறகு எழவே இல்லை. யாரோ ஒருவர்தான் தூக்கியிருக்கிறார். அந்தக் கையைக் கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா?

இத்தனை வருடமாகியும் வகுப்பில் இந்தச் சந்தன வேர்ப் பாடம் வரும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. பிள்ளைகள் காரணம் தெரியாமல் முழிக்கிறார்கள்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்து அடுப்புப் பற்றவைக்க முடியவில்லை. ஆனாலும் யாரையும் கூப்பிடாமல் படுத்தே கிடந்தேன், உன் தங்கைதானே. பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் கஞ்சி வச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன். தந்தார்.

அவ்வளவுதான் அண்ணே. கேட்பது அவ்வளவுதான்.