நிறுத்திய மாத்திரை

இன்று காலை அம்மா சாம்பாரில் உப்புப் போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அதைத் திரும்பக் குண்டானில் கவிழ்த்துவிட்டு, கண்ணில் புகை என்றாள். கேஸ் அடுப்பில் ஏது புகை?

அந்தக் கிண்ணம் உன்னுடையது, தங்கச்சி. உனக்கு ஆறு வயதில் ஒருநாள் இமை வீங்கி எழுந்தாய். சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. அன்றோடு உப்பு போயிற்று, மாத்திரை வந்தது. மாத்திரையில் முகம் உப்பியபோது பள்ளிக்கூடத்தில் 'பூரி' என்றார்கள். "பூரின்னா எனக்கும் பிடிக்கும், போடா" என்று திருப்பிக் கொடுத்தாய்.

ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு டாக்டரக்கா மட்டும்தான் உன் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினாள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, கிருமியை அடிப்பது அவற்றின் வேலை. உன் உடம்பில் அவை வீணாகக் கிளர்ந்து, சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கின்றன. உடம்பில் தங்க வேண்டிய புரதம் ஒழுகிப் போகிறது. "அப்படித்தான் நினைக்கிறோம். முழுசா யாருக்கும் தெரியாது" என்றாள்.

நீ யோசித்தாய். "அப்ப எங்க ஊரு தலையாரி மாதிரி. மணல் லாரிய விட்டுட்டு மாட்டு வண்டிக்காரரப் பிடிப்பாரு."

அவள் சிரித்துவிட்டாள். "அவரத் தூங்க வைக்கத்தான் இந்த மாத்திரை."

"அவரு தூங்குறப்ப நெசத் திருடன் வந்தா?"

"உடனே இங்க வந்துரணும். மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது, திடீர்னு விட்டா உடம்பு தாங்காது." அதற்குள் பெரிய டாக்டர் கூப்பிட, எழுந்து ஓடினாள்.

நிறுத்தக் கூடாது என்பது நோய்க்குச் சொன்னது. அம்மை எங்கள் ஊரில் நோயே இல்லையே.

பங்குனியில் உளுந்து பறிக்கிற நேரம், தெருவில் அம்மை வந்தது. உனக்கும் முத்து போட்டது. அத்தை வாசலில் வேப்பிலை செருகினாள், மாத்திரை டப்பாவைப் பரணில் ஏற்றினாள்.

"அத்த, நிறுத்தக் கூடாதுன்னாங்க!" என்று கத்தினேன்.

"அது மூஞ்சி வீக்கத்துக்குச் சொன்னதுடி. ஆத்தா வந்திருக்கிறப்ப மருந்து குடுத்தா குத்தம். டாக்டரு ஆத்தாவ விடப் பெரியவரா?"

அப்பா உளுந்து வயலுக்குக் கிளம்பினார். அம்மா உனக்கு இளநீர் வெட்டப் போனாள். வேப்பிலைப் படுக்கையிலிருந்து நீ என்னைக் கூப்பிட்டாய்: "அக்கா, நெசத் திருடன் வந்துட்டான்ல?"

உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் வண்டி பிடித்தார்கள். "அம்மைக்கு மருந்து இருக்கே, முத கொப்புளத்துலயே வந்திருக்கலாமே" என்றார்கள் ஆஸ்பத்திரியில். "அத முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்றேன். செக்யூரிட்டி என் கையைப் பிடித்து வெளியே விட்டார். நீ போனபோது நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள், "குடுத்து வச்ச புள்ள, ஆத்தாவே கூட்டிக்கிட்டா" என்றார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அத்தை கெட்டவள் இல்லை. உன் காலைப் பிடித்துக்கொண்டு விடாதவள் அவள்தான். என் கோபம் முழுவதையும் அவள் ஒருத்தி மேலேயே இறக்கி வைக்க முடியவில்லை. அந்த டாக்டர்களும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அம்மை வந்தால் எங்கள் வீடுகளில் மாத்திரை பரணுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அம்மை என்ற ஒரு சொல்லை ஒருவராவது எங்களிடம் சொன்னார்களா? அவர்கள் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஊசி இருப்பதே எங்களுக்கு நீ போன பிறகுதான் தெரிந்தது.

இப்போது எந்த வாசலில் வேப்பிலை பார்த்தாலும் சைக்கிளை நிறுத்திவிடுகிறேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியில் நின்றே கேட்பேன். போன வாரம் வாய்க்கால் தெருவில் ஒரு வீடு.

"வீட்ல அம்மை வந்தவங்க வேற மாத்திரை எதாவது சாப்பிடுறாங்களாக்கா?"

"பையனுக்கு வலிப்பு மாத்திரை உண்டும்மா. நிறுத்தி வச்சிருக்கோம்."

"இப்பவே குடுங்க. குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"ஆத்தா குத்தம் ஆயிடாதா?"

"என் தங்கச்சிக்கும் அம்மை வந்தப்ப இப்படித்தான்க்கா நிறுத்துனாங்க."

அவள் முகம் இளகியது. "அப்படியா? பாப்பா இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.