ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா

என் பிடிவாதக்காரிக்கு,

எழுத்துப் பிழைகளைப் பார்த்து நீ சிரிக்கலாம், நர்ஸிடம் காட்டாதே. நேரில் சொல்ல வந்தால் கேலியில் இறங்கிவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நாம் வருடத்துக்குக் கொஞ்சமாக நடந்துவரும் அந்த நெடும்பாதையில், மே மாத நடைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். போன வருடம் வோர்டன் ஊரில் நாம் நடையை நிறுத்திய அதே கம்பத்திலிருந்துதான் தொடங்குவேன். ஒரு அடி தள்ளித் தொடங்கினாலும் ஏமாற்று வேலை என்பாய். அங்கிருந்து தெற்கே பாதை முடியும் குன்று வரைக்கும், வழிகாட்டக் கம்பங்களில் பூசிய வெள்ளை சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாதாம். அந்தக் கோடுகளைப் பார்ப்பது இதுவரை உன் வேலை.

முதல் நாள் ராத்திரி தங்குவதற்கு, நடைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஹெசலிங்க் அம்மாள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"கட்டில் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும்மா. என் பொண்டாட்டி பாதம் ஐஸ் மாதிரி இருக்கும், என் முதுகுலதான் சூடு காய்வா."

"அப்ப ரெண்டு பேரும் வாங்க. அந்த நேரத்துல ஆட்டுக்குட்டிங்க புல்வெளி பூரா துள்ளிக்கிட்டிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. டாக்டர் உன்னைப் பற்றி ஏப்ரலில் வரும் ஈஸ்டருக்கு அப்பால் எதையும் பேசவில்லை. "நான் இல்லேன்னாலும் மிச்சத்த நீ நடந்து முடிக்கணும்" என்று நீதான் அன்றைக்கே சத்தியம் வாங்கினாய். நடப்பேன். ஆனால் ஒரு ஆள்தான் என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாளைக்குப் போனை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வருகிறேன். நீயே பேசிவிடு. "அந்த மனுஷன் மட்டும்தான் வர்றாரு" என்று நீ சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் கிறுக்கன்