நோ வொரீஸ் என்றால்

நல்லூர், திருப்பூர்

அன்பு மகன் சிவபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்த மெல்பர்ன் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நோவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே விடாத மழை, சாயத் துணி காயவில்லை, ஆனாலும் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விடுகிறேன், வீட்டில் தனியே உட்கார முடியவில்லை.

அப்பா காரியம் முடிந்து நீ கிளம்பும்போது, "அப்பா ஏம்மா கடைசியில எங்கிட்டப் பேசவே இல்ல" என்று கேட்டாய். அன்றைக்கு நேரமாகிறது என்று உன்னை வண்டியேற்றிவிட்டேன், இப்போது சொல்கிறேன், மனதைத் தளரவிடாமல் படி. உன்னைப் பார்க்க வர இருந்தவரை, விமானம் ஏறக் கூடாது என்று இருதய டாக்டர் சொன்னதும் அப்பா உடைந்துபோய்விட்டார். நீ ஏமாந்துபோவாயே என்று, போனில் சொல்லப் பயந்துதான், "வர முடியாது கண்ணு, மன்னிச்சுக்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டார். "நோ வொரீஸ் பா" என்று உன் பதில் வந்தது. கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டும் மகுடேஸ்வரனிடம் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார், அவனும் தெரிந்தமட்டும் "கவலை இல்லைன்னு போட்டிருக்காருங்க" என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து, "நான் வராததுல அவனுக்குக் கவலை இல்லியாமா புள்ள, நாம இல்லாம இருக்கப் பழகிட்டான், நல்லதுதான்" என்றார். கோபமில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம், அவனுக்கு வேலை இருக்கும் நீயே பேசு என்று போனை என்னிடம் தந்துவிடுவார். நானும் அப்படியேதான் நம்பினேன்.

போன வாரம் ஆபீசில் மெயில் பார்க்கும் சித்ராதேவி, சரக்குத் தாமதம் என்றதற்கு சரக்கு வாங்கும் ஆஸ்திரேலியா பையர் நோ வொரீஸ் என்று எழுதிவிட்டார் என நிம்மதியாய்ச் சொன்னாள். சரக்கு போகாவிட்டால் அவருக்கும் கவலை இல்லையா என்றேன். "அப்படி இல்லீங்கக்கா, அது அந்த ஊர்ப் பேச்சுங்க, அங்கிருந்துதான் எல்லாப் பக்கமும் பரவுச்சாமா. நன்றி சொன்னாலும் அதான், மன்னிப்புக் கேட்டாலும் அதான். பரவாயில்லைங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கன்னு அர்த்தமுங்க" என்றாள். பனியன் குவியல் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டேன் கண்ணு. நீ ஆறுதல்தான் சொல்லியிருக்கிறாய், கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார். உன் மேல் தப்பில்லை. மகுடேஸ்வரனிடம் நான் இதைச் சொல்லவில்லை, தாங்க மாட்டான்.

மழையில் நனையாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. நீ நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இனி நான் முடியவில்லை என்று எழுதினால் தமிழிலேயே பதில் போடு. "ஐயோ அம்மா" என்றால் போதும், அதற்கு நான் யாரிடமும் அர்த்தம் கேட்கப் போக வேண்டியதில்லை.

உன் அம்மா,
ஞானாம்பாள்