புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

உன் வீட்டுக் கிணற்றடியில் இன்று புளி வாசனை. ஊறிய புளி, ஈரப் பித்தளை. நாளை ஆயுத பூஜை. சென்ற ஆண்டு நீ போன துக்கத்தில் பூஜை இல்லை. இந்த ஆண்டு உன் அம்மா போன் செய்தார். "வந்து ஒரு கை குடுடா. தனியா தேய்க்க முடியல."

வந்தேன். குத்துவிளக்கு, கடைத் தராசு, அரிவாள். நடுவில் துப்பாக்கி.

உனக்கு அதை வர்ணிக்கத் தேவையில்லை. எழுதிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். குதிரைப்படைக் கைத்துப்பாக்கி. மரப்பிடி, அடியில் பித்தளைக் குமிழ். வெடிமருந்து இடிக்கும் கம்பியைக் குழாயோடு கீல் வைத்துப் பிணைத்திருப்பார்கள். ஓடும் குதிரையில் கை நழுவினாலும் கம்பி கீழே விழாது. சுட்டு எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. முப்பாட்டன் ஆற்காட்டுக் குதிரைப்படையில் சிப்பாய் என்பார் உன் அப்பா. நீ என் காதில் திருத்துவாய். "குதிரைக்குப் புல்லு அறுத்துப் போட்டவருடா. சிப்பாய் தூங்கும்போது எடுத்துனு வந்திருப்பாரு."

பக்கத் தகட்டில் ஒரு சிங்கம் செதுக்கியிருந்ததாம். நாம் பள்ளியில் படித்தபோது அது பூனை. கல்லூரி முடித்தபோது வெறும் நிழல். அம்மாவின் கை அப்படி.

பிறகு அந்த வெள்ளைக்காரர்.

அன்றும் ஆயுத பூஜை. அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதை ஓரம் உங்கள் சோடாக் கடை. வாசலில் பலகை போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம், சாமந்தி. வெறுங்காலோடு மலை சுற்றி வந்தவர் பலகை முன் நின்றுவிட்டார். பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவராம். தொடலாமா என்று கேட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்து, குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். பூதக்கண்ணாடியை எடுத்தார். குழாய்க்குள் செல்போன் வெளிச்சம் அடித்தார். உள்ளே சாமந்தி இதழ்.

அவர் முகம் மாறியது. இதை யார் தேய்த்தது என்றார். அவர் பேசியது ஆங்கிலம். அம்மாவுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும்.

பழைய ஆயுதத்தின் மேல் படியும் பழுப்புதான் அதன் வயது, அதன் சான்று என்றார். சேகரிப்பவன் முதலில் பார்ப்பது அதைத்தான். முத்திரை இல்லை, எழுத்து இல்லை, ஓரங்கள் மழுங்கிவிட்டன. இது பராமரிப்பே அல்ல, கொலை.

"இன்னாடா சொல்றாரு?" அம்மா முந்தானையில் கை துடைத்தபடி நின்றிருந்தார். வாழ்நாளெல்லாம் தேய்த்த கை.

நீ யோசிக்கவே இல்லை. "இந்த மாதிரி பளபளப்பை அவரு எங்கியுமே பார்த்தது இல்லியாம்மா."

நான் சோடா பாட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புளி மட்டும் இல்ல, செங்கப் பொடியும் ஜாஸ்தியா போடுவேன்னு சொல்லு."

அதை மட்டும் அப்படியே சொன்னாய். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேச்சே வரலியாம்மா அவருக்கு," என்றாய்.

அம்மா அவருக்கு ஒரு பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் போனதும் என் சட்டையைப் பிடித்தாய். "அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. நீயும் வாயத் திறக்காத." விளையாட்டாய்ப் பேசும் நீ அன்று விளையாட்டாய்ச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும், அம்மா தேய்க்க உட்காரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணால் மிரட்டினாய். வாயைத் திறக்கவில்லை நான்.

இன்று அம்மாவே கேட்டார். துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, புளியைப் பிசைந்தபடி.

"அந்த வெள்ளக்காரரு அன்னிக்கு நெஜமா இன்னாடா சொன்னாரு?"

"அதான் அவன் சொன்னானேம்மா."

"அவன் சொன்னான். மெச்சறவன் எவனாவது தலையில கை வச்சிப்பானா? எனக்கு அப்பவே தெரியும். வார்த்தைய மட்டும் சொல்லு."

சொன்னேன். ஒன்று விடாமல். கொலை வரைக்கும். அம்மா சிரிக்க ஆரம்பித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா திட்டினு போயிருக்காரு. நான் சோடா வேற குடுத்தேன்."

"தெரிஞ்சும் ஏம்மா வருஷா வருஷம் தேய்ச்சீங்க?"

"நிறுத்தியிருந்தா, எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அவன் கண்டுபிடிச்சிருப்பான். பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு ஜோடிச்சான்."

உனக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீ அம்மாவைக் காப்பாற்றினாய். தனக்குத் தெரியும் என்பதை மறைத்து அம்மா உன்னைக் காப்பாற்றினார். நடுவில் ஒரு துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"அவரு சொன்னதும் கேட்டாச்சு," என்றார் அம்மா, செங்கல் பொடியை எடுத்துக்கொண்டு. "அவன் சொன்னதுதான் நல்லா இருந்துது."

நான் இப்போது மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். ஒரு சொல்லும் பிசகாதவன் என்று பெயர். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் ஒரு கணம் நின்று, இதைக் கேட்கப்போகிறவர் யார் என்று பார்த்துக்கொள்கிறேன்.