மூன்றாம் வகுப்பு டவுன் பஸ்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆடிக் காற்று. சாணார்பட்டியில் இறங்கும்போதே கண் நிறைய மண். கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

மூன்றாம் வகுப்பில் பஸ் விளையாட்டு. பெஞ்சுகள்தான் டவுன் பஸ். ஸ்டாப்புக்கு ஸ்டாப் பிள்ளைகள் ஏறுவார்கள், இறங்குவார்கள். வண்டிக்குள் இப்போது எத்தனை பேர் என்று கண்டக்டர் சரியாகச் சொன்னால்தான் டிரைவர் வண்டியை எடுப்பான். கணக்குக்கு யார் அதிகம் பயப்படுகிறார்களோ அவர்தான் கண்டக்டர். சூட்சுமமே அதுதான். வண்டி நகர வேண்டுமே என்று வகுப்பே சேர்ந்து கணக்குப் போடும். கழித்தல் என்றாலே அழுகிற அப்ஸானா இன்று விசிலும் கையுமாக, "ஏலே, ஒராளு கொறையுதே! சொல்லாம இறங்குனது யாருலே?" என்று அதட்டினாள். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

கதவருகே த.ஆ., எங்கள் தலைமை ஆசிரியர் பெருமான். "என்ன டீச்சர், இது ஸ்கூலா பஸ் ஸ்டாண்டா? சம்பளம் வாங்குறது பாடம் நடத்துறதுக்கு." பிள்ளைகள் முன்னாலேயே. அப்ஸானா கையிலிருந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவள் முகம் செத்துவிட்டது.

இருக்கிறது அந்த ஆளுக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

அடுத்த திங்கள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா வருகிறாராம். விளையாட்டு வழியாக எப்படிப் பாடம் நடத்துகிறோம் என்று பார்க்க. ஸ்டாஃப் ரூமில் த.ஆ. வாய் கூசாமல் சொல்கிறார்: "நானே ஒரு பஸ் விளையாட்டு யோசிச்சு வச்சிருக்கேன்." என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மூன்று வருடமாக ஆடுகிற ஆட்டம்!

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். "விடு மேரி. அந்தாளுகிட்டப் போயி மல்லுக்கு நிக்கப் போறியா?" என்கிறார். விடமாட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒத்திகை. த.ஆ. தேர்ந்தெடுத்த கண்டக்டர் ஜெர்வின், முதல் ரேங்க். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் ஏறுவது என்று முன்பே முடிவு. விடைகளை ஜெர்வின் மனப்பாடம் செய்தாயிற்று. அப்ஸானா கடைசி பெஞ்சில், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. விடை தெரிந்த கண்டக்டருக்கு யார் உதவி வேண்டும்? மற்ற பிள்ளைகள் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒரு சிரிப்பு இல்லை.

எங்கே பிசகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திங்களன்று நன்றாக அசிங்கப்படட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச் பூசையில், ஜெபத்தில் மன்னிப்பு பற்றிய வரி வந்தபோது மட்டும் சொல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டேன். மதியம் பிரியாணி பார்சல். அதிகாரி முன்னால் த.ஆ. திருதிருவென்று முழிப்பதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது.

யூனிட் டெஸ்ட் பேப்பர் பாதி பாக்கி.

ஆகஸ்ட் 11, திங்கள்

அதிகாரியம்மா வந்தார். எனக்கு ஜன்னலோரம் இடம், வேடிக்கை பார்க்க. ஜெர்வின் கடகடவென்று ஒப்பித்தான். நான்காவது ஸ்டாப்பில் அந்த அம்மா, "நானும் ஏறிக்கவா கண்டக்டர்?" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினாலு," என்றான் ஜெர்வின், மனப்பாடப்படி.

"நல்லா எண்ணிப் பாருப்பா."

த.ஆ. எடுத்துக்கொடுக்க ஓடிவந்தார். அவசரத்தில் ஒரு கால் பஸ் பெஞ்சின் மேல். அவரும் பதினாலு என்றே வாயசைக்கிறார்! இதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் பையனுக்கு உதடு துடித்தது. கண்ணில் நீர். எனக்கு இவனோடு என்ன பகை? மனது கேட்காமல் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அப்ஸானா எழுந்துவிட்டாள். "ஏலே ஜெர்வினு, அழுவாத. மொத இருந்தவுக பதினாலு. இப்ப இந்த டீச்சரையும் சேத்துக்க."

"பதினஞ்சு!" வகுப்பே கத்தியது. ஜெர்வின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான்.

"அப்ப வண்டி கெளம்பலாமா?" என்றார் அதிகாரியம்மா.

"இன்னும் இல்ல டீச்சர்." அப்ஸானா த.ஆ.வின் காலைக் காட்டினாள். "சார், படிக்கட்டுல தொங்காதீங்க. உங்கள கணக்குல சேக்கல. இறங்குங்க."

சொன்ன பிறகுதான் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நன்றாகவே ஆட்டினேன்.

அதிகாரியம்மா அவளைப் பார்த்தார், பிறகு என்னை. "டீச்சர், இது உங்க வண்டியா?"

"ஆமாங்க மேடம்."

த.ஆ. இறங்கினார்.