பூசணி மொட்டையும் பறித்த அதிகாரிக்கு

வானம் காலத்தில் பெய்க. வாய்க்கால் கரை உடையாது ஓடுக. கடல் காக்கும் வெண்கரை நாடாள்பவளும் வலம்புரிக் கொடியுடையவளுமாகிய நிறைமதி நங்கை, பூம்பொழில் தீவின் மலர்வரி அதிகாரி ஆதன் சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் மனைக்கும், உம் ஆளுகையில் வாழும் மக்களுக்கும், மாடு கன்றுகளுக்கும் நலம் உண்டாகுக. தேனீக்களையும் சேர்த்தே வாழ்த்தியிருப்போம். அவை உம் தீவை விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி.

உம் தீவிலுள்ள எம் அரண்மனைத் தோட்டத்தைப் பேணும் வேம்பி என்பாள், பணியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டி எழுதுவித்த விண்ணப்பத்தை நீர் எமக்கு அனுப்பியிருந்தீர். அவளுக்குச் சோம்பல் கூடிவிட்டது என்றும், இப்பருவத்தில் தோட்டம் ஒரு பூசணிக்காயும் தரவில்லை என்றும், நெல்லும் புடைவையும் கூட்டிக் கொடுத்தும் அவள் முகம் தெளியவில்லை என்றும், ஆதலால் அவளைப் போகவிட்டு வேறொருவரை அமர்த்தலாம் என்றும் அதனுடன் எழுதியிருந்தீர். எம் அடுக்களைக்கு இத்தனை காலம் காய் தந்த கை அவளுடையது. அவளை இழக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே முரசும் குடையும் இன்றிச் சிறு தோணியில் ஏறி, ஒரு விடியலில் யாமே உம் தீவில் வந்து இறங்கினோம். உம் மகள் மணத்தின்பொருட்டு நீர் அக்கரை சென்றிருந்தது நல்லதாயிற்று.

அரசிருப்பவர் முன்னிலையில் மொட்டு மலர்வது நாட்டுக்கு மங்கலம் என்று கருதி, மல்லிகையும் அல்லியும் அலருமுன் பறித்து அவைக்குக் கொணரும் வழக்கத்தை எம் முன்னோர் வகுத்தனர். அவ்வழக்கத்தை நீர் காத்தீர், அது முறை. ஆனால் அரசபக்தி மேலிட்டு, பூசணி, பீர்க்கு, அவரை, கத்தரி என்று தோட்டத்தில் முகிழ்த்த அனைத்தையும் உம் ஏவலர் கூடையில் வாரியதை யாம் எம் கண்ணாலேயே கண்டோம். சில திங்களாக அரியணையின் முன் பூசணிப்பூ மலர்ந்ததன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. அதைப் பார்த்து அமைச்சர் பெருமக்களுக்குப் பொரியல் நினைவு வந்து, அவை நேரத்தோடு கலைந்ததே கண்ட பலன். மொட்டையெல்லாம் பறித்துக்கொண்டு காய் எங்கே என்று கேட்ட அதிகாரி, எம் குலம் ஆளத் தொடங்கிய நாள்முதல் நீர் ஒருவரே.

வேம்பியை அழைத்து, உனக்கு என்ன குறை என்று வினவினோம். நெல்லுக்குக் குறையில்லை, துணிக்குக் குறையில்லை என்றாள். பின்பு தலை நிமிராமலே சொல்லத் தொடங்கினாள். அவரை விதை தன் தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்ணைப் பிளந்து எழுவதைப் பார்க்கவும், காலால் மடையைத் திருப்பும்போது கணுக்காலில் ஏறும் குளிர்ச்சிக்காகவும், நேற்றுக் கண்ணில் படாத பிஞ்சு இன்று இலையடியில் ஒளிந்திருப்பதைத் தடவிக் கண்டுபிடிக்கவுமே தான் காலையில் பாயைவிட்டு எழுவது என்றாள். பூசணிப்பூவுக்குள் புகுந்த தேனீ உருண்டு புரண்டு உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வருவதைக் கண்ட நாளில் தனக்கு இருமடங்கு பசி எடுக்கும் என்றும், இப்போது சோறு தொண்டையில் இறங்குவதில்லை என்றும், பூவையே காணாத தோட்டத்துக்கு நீர் இறைக்கக் கை எழவில்லை என்றும் கூறினாள். கேட்டு யாம் மிக வருந்தினோம். இவ்வளவு சிறிய இன்பங்களையா ஒருத்தியிடமிருந்து ஓர் அரசு பறிக்க வேண்டும்!

கூடைகளை அப்போதே திருப்பி அனுப்பினோம். தலைநகருக்குத் திரும்பாமல் உம் விருந்தினர் மனையில் தங்கினோம். பூக்கள் மலர்ந்தன, தேனீ வரவில்லை. விடியல்தோறும் வேம்பி கொடியருகே நின்றாள். அவளோடு யாமும் கால் கடுக்க நின்றோம். பூவெல்லாம் வாடி மூடிக்கொள்ளும், இருவரும் திரும்புவோம். நாட்டுக் காரியங்கள் காத்திருக்க அரசி பூசணிக் கொடியருகே நிற்பதா என்று எம் தோணிக்காரர் முணுமுணுத்தது எம் காதிலும் விழுந்தது.

முடிவில் ஒரு காலை, எங்கிருந்தோ ஒரே ஒரு தேனீ வந்தது. ஒரு பூவைச் சுற்றியது, மறுபூவுக்குத் தாவியது, உள்ளே புகுந்து வெகுநேரம் காணாமற்போனது. மஞ்சள் பூசிக்கொண்டு அது வெளியே வந்ததும் வேம்பி வாய்விட்டுச் சிரித்தாள். உடனே குடிலுக்கு ஓடிப் பழையசோற்றுக் கலயத்தை எடுத்துவந்து, வரப்பிலேயே அமர்ந்து, எம் முன்னிலை என்பதையும் மறந்து அள்ளி அள்ளி உண்டாள். யாமே கேட்டு ஒரு பிடி வாங்கிக்கொண்டோம். கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாயும் கிடைத்தது. உம் மாளிகை விருந்தினும் அது நன்றாயிருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

இனி எம் ஆணை. மல்லிகையும் அல்லியும் வழக்கம்போல் வருக. ஆயினும் கிணற்றோரத்து மல்லிகை வரிசை செடியிலேயே மலரட்டும். காய்க்கும் செடி எதையும் கூடை தீண்டலாகாது. நீர் நாள்தோறும் காலையில் வெறுங்கையோடு தோட்டத்துக்குச் சென்று, ஒரு தேனீயையேனும் கண்ட பின்பே அலுவலில் அமர்வீராக. தேனீ வரத் தாமதித்தால் அலுவல் காத்திருக்கட்டும்.

வேம்பியின் விண்ணப்பத்தை யாம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இருப்பதும் போவதும் உன் விருப்பம், தடுப்பார் இல்லை என்றோம். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மடையைத் திருப்பப் போனாள். யாம் தோணி ஏறினோம். தோணி கரையைவிட்டு நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தோம். தரையில் படர்ந்து கிடந்த சுரைக்கொடியின் அருகே அவள் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் மண்வெட்டியை உயர்த்தி, மூங்கில் போதாது என்று கரையிலிருந்தே கூவினாள்.

வலம்புரி இலச்சினை இட்டு இதை விடுத்தோம். ஓலை கண்டதும் மூங்கில் அனுப்புக. எமக்கு மறுமொழி பிறகு எழுதலாம்.